ஆகன் நகரில் மாஸ்டர்ஸ் படிக்க வருபவர்களுக்கு: எந்த வேலைக்கு முன் எந்த வேலை

ஒவ்வோர் அக்டோபரிலும் ஆகன் ரயில் நிலையத்துக்குப் போய்ப் புதிதாக வரும் நம் பிள்ளைகளை அழைத்து வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டு பெரிய பெட்டி, முதுகில் ஒரு பை, நெஞ்சோடு அணைத்த ஒரு கோப்பு. கோப்பில் எல்லாக் காகிதமும் இருக்கும். எதை முதலில் நீட்ட வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்காது.

ஜெர்மனியில் ஒரு காகிதம்தான் அடுத்த காகிதத்தை வாங்கித் தரும். வரிசை மாறினால் ஒரு வாரத்தில் முடிய வேண்டியது இரண்டு மாதம் இழுக்கும். ஆர்.டபிள்யூ.டி.ஹெச். ஆகன் பல்கலைக்கு வருபவர்களை மனதில் வைத்து அந்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். உள்ளூரில் அதை 'எர்வேடேஹா' என்றுதான் சொல்வார்கள். காதில் விழுந்தால் வேறு ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள்.

1. எங்கே படிக்கப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இந்தப் பல்கலைக்கு வாசல் கிடையாது. நம் ஊர்க் கல்லூரி மாதிரி ஒரு மதில், ஒரு கேட், உள்ளே எல்லாக் கட்டடமும் என்று தேடினால் கிடைக்காது. நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

பழைய பகுதி டெம்ப்லர்கிராபன் தெருவில் இருக்கிறது. பிரதான கட்டடமும், அதன் பக்கத்திலேயே தெருவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் 'சூப்பர் சி' கட்டடமும் அங்கேதான். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் மாணவர்கள் மொய்க்கும் பொன்ட்ஸ்ட்ராசே. ஆனால் இயந்திரவியல், உற்பத்திப் பொறியியல் சார்ந்த ஆய்வுக்கூடங்கள் பல மேற்கே மெலாட்டன் பகுதியில், பல்கலை மருத்துவமனையை ஒட்டி இருக்கின்றன. லேசர், உற்பத்தித் தொழில்நுட்பம் இரண்டுக்குமான ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனங்களும் அந்தப் பக்கம்தான். யூலிஷ் ஆய்வு மையத்தோடு சேர்ந்து நடக்கும் வேலை என்றால் நகருக்கு வெளியே சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வீடு தேடும் திசையே இதைப் பொறுத்துத்தான். பாடத்திட்டத்தை எடுத்து, உங்கள் பாடங்களை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் முகவரியை வரைபடத்தில் ஒருமுறை குறித்துப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம்: அதே நகரில் எஃப்.ஹெச். ஆகன் என்று இன்னொரு கல்வி நிறுவனம் இருக்கிறது. அது தனி நிறுவனம், விண்ணப்பமும் தனி. பெயரில் ஆகன் இருக்கிறது என்று ஒன்றுக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை மற்றதற்கு எழுதிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவர்களைத் தெரியும்.

2. விண்ணப்பத்துக்கு முன்: ஏ.பி.எஸ்., அப்புறம் பாட அட்டவணை

இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். மதிப்பெண் பட்டியலும் பட்டமும் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தரும் சான்று அது. இது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. அனுமதிக் கடிதம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை, அதனால்தான் வரிசையில் முதலிடம்.

அடுத்தது பலரும் அலட்சியமாக விடுவது. சேர்க்கையின்போது உங்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. எந்தத் துறைப் பாடத்தில் எத்தனை கிரெடிட் படித்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். கணிதத்தில் இவ்வளவு, மெக்கானிக்ஸில் இவ்வளவு என்று அந்தந்தப் படிப்பின் தேர்வு விதிமுறையில் எழுதியே இருக்கும். அதை எடுத்து இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் நீங்கள் படித்த பாடங்களை நிரப்பி ஓர் அட்டவணை தயாரியுங்கள். 'என்ஜினியரிங் மேத்ஸ் 3' என்று மட்டும் எழுதினால் உள்ளே என்ன இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பாடத்திட்டத்தின் அலகுகளையும் சேர்த்துக் காட்டுங்கள். சிறு குறை இருந்தால் 'வந்தபின் இந்தப் பாடங்களையும் கூடுதலாக எழுது' என்ற நிபந்தனையோடு இடம் கொடுப்பதும் உண்டு.

கட்டணம் பற்றி ஒரு எச்சரிக்கை. பொதுவாக இங்கே படிப்புக் கட்டணம் இல்லை; ஒவ்வொரு செமஸ்டருக்கும் சுமார் 300 யூரோ பங்களிப்புத் தொகை மட்டும். ஆனால் பல்கலையின் இன்டர்நேஷனல் அகாடமி வழியாக நடக்கும் சில ஆங்கில வழிப் படிப்புகளுக்குத் தனியாகப் பெரிய கட்டணம் உண்டு. படிப்பின் பெயர் ஒரே மாதிரி இருக்கும், பணம் மட்டும் வேறு. 'ஜெர்மனியில் எல்லாம் இலவசம்' என்று வீட்டில் சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்தை முழுதும் படியுங்கள்.

3. பெயரை ஒரே மாதிரி எழுதத் தீர்மானியுங்கள்

தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் 'முத்துக்குமார்' என்று ஒரே பெயர் இருக்கலாம். அல்லது அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறியிருக்கலாம். மதிப்பெண் பட்டியலிலோ முன்னால் இனிஷியல்.

ஜெர்மன் படிவங்களில் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களில் எதுவும் காலியாக இருக்கக் கூடாது. ஒருவர் ஒரு படிவத்தில் புள்ளி வைப்பார், இன்னொன்றில் பெயரையே இரண்டு தடவை எழுதுவார், மூன்றாவதில் இனிஷியலை விரித்து எழுதுவார். வங்கியில் ஒருவர், காப்பீட்டில் இன்னொருவர், பல்கலையில் மூன்றாமவர் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார்.

பாஸ்போர்ட்டில் உள்ளதே கணக்கு. காலிக் கட்டத்துக்கு என்ன எழுதுவது என்பதைப் பல்கலை உங்கள் அனுமதிக் கடிதத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அதன்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். சான்றிதழில் பெயர் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

4. பணம், காப்பீடு

அனுமதிக் கடிதம் வந்ததும் முடக்கக் கணக்கை, அதாவது செலவுப் பணத்தை முன்பே போட்டுவைத்து மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய 'பிளாக்டு அக்கவுன்ட்'டைத் திறக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அதில் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்குத் திரும்பி வரும். தொகை அவ்வப்போது ஏறும், அனுப்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் தனிப் பணமும் இருக்கட்டும். முதல் தவணை வர இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, போர்வை, குக்கர் என்று செலவு வாசலில் நிற்கும்.

காப்பீட்டில் இரண்டு கட்டம். அரசு சார்ந்த மாணவர் காப்பீடு செமஸ்டர் தொடக்கத்திலிருந்துதான் நடைமுறைக்கு வரும். செப்டம்பரிலேயே வந்து இறங்கினால் இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு தேவை. 30 வயது தாண்டியவர்களுக்கு அந்த மாணவர் விலை கிடைக்காது என்பதால் அவர்கள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் 'பல்கலைக்கு மின்னணு அறிவிப்பு அனுப்புங்கள்' என்று கேளுங்கள். சேர்க்கை அலுவலகம் எதிர்பார்ப்பது அதைத்தான். காப்பீட்டு அட்டையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, ஏன் இன்னும் சேர்க்கை முடியவில்லை என்று கேட்பவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

5. வீடு: இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்

நகரத்தின் மக்கள்தொகை சுமார் 2.5 லட்சம். இந்தப் பல்கலையின் மாணவர்கள் மட்டுமே சுமார் 45,000. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதிக் கடிதம் கிடைத்த அன்றே மாணவர் விடுதிகளை நடத்தும் ஸ்டூடியரண்டன்வெர்க் அமைப்புக்கு விண்ணப்பியுங்கள். விசா வரட்டும் என்று காத்திருந்தால் வரிசையில் நூறு பேருக்குப் பின்னால் நிற்பீர்கள். கூடவே பகிர்வு வீடுகளையும் தேடுங்கள். எழுதும் முதல் செய்தி நாலு வரி ஜெர்மனில் இருக்கட்டும், தப்பு இருந்தாலும் பரவாயில்லை. 'ஹாய், இஸ் இட் அவைலபிள்' என்று எழுதினால் பதில் வராது.

வாடகையில் இரண்டு சொல் உண்டு. 'கால்ட்' என்பது வெறும் இடத்துக்கு, 'வார்ம்' என்பது சூடாக்கும் செலவும் தண்ணீரும் சேர்ந்தது. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் முதலாவது. முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் கால்ட் வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைப் பார்க்காமல், யாரையும் வீடியோவிலாவது பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். 'நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்பவர் அனுப்ப மாட்டார்.

ஆகனுக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் மேற்கு எல்லையில், நெதர்லாந்தும் பெல்ஜியமும் வந்து தொடும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். எல்லைக்கு அப்பால் ஃபால்ஸ் என்ற டச்சு ஊர். ஆகன் பஸ்ஸே அங்கு போகும், அறையும் சில சமயம் சுலபமாகக் கிடைக்கும். கோட்டைத் தாண்டியதே தெரியாது. ஆனால் உங்கள் விசா ஜெர்மனியில் வசிக்கத் தரப்பட்டது. டச்சு முகவரியை வைத்துக்கொண்டு ஜெர்மன் குடியிருப்பு அனுமதி வாங்க முடியாது. ஐரோப்பிய நாட்டு மாணவர்கள் அங்கே தங்குவதைப் பார்த்து நாமும் போகலாம் என்று நினைப்பது தப்பு. வெளியே தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஹெர்ட்சோகன்ராட், வூர்செலன், எஷ்வைலர், ஸ்டோல்பெர்க் என்று ஜெர்மனிக்குள்ளேயே தேடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: 'இந்த முகவரியில் நான் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்யலாமா?' இரண்டு மூன்று மாத உள்வாடகை அறைகளில் பல இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட அறையில் தூங்கலாம். வேறு எந்தக் காரியமும் நடக்காது.

6. வந்து இறங்கும் நாள்

சனிக்கிழமை இரவில் வந்து இறங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை. அது திங்களிலோ வெள்ளியிலோ விழுந்தால் தொடர்ந்து அடைப்புதான். முடிந்தால் செவ்வாய் அல்லது புதன் காலை.

ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் ஐ.சி.இ. அதிவேக ரயில்கள் ஆகனில் நிற்கும். டுஸல்டார்ஃபில் இறங்கினால் வட்டார ரயிலே போதும். வட்டார ரயில், பஸ்களுக்கான டாய்ச்லாண்ட் டிக்கெட் ஐ.சி.இ.யில் செல்லாது என்பதை மறந்து ஏறி, அபராதம் கட்டியவர்கள் நிறைய. அப்புறம், ஆகனில் நிலையங்கள் பல. டெம்ப்லர்கிராபன் பக்கம் வீடு என்றால் ஆகன் வெஸ்ட்தான் அருகில். டுஸல்டார்ஃபிலிருந்து வரும் ஆர்.இ.4 வட்டார ரயில் அங்கே நிற்கும், கொலோன் வழியாக வரும் ஆர்.இ.1 நிற்காது.

7. முதல் வாரம்: முகவரிப் பதிவும் தபால் பெட்டியும்

குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் அன்மெல்டுங். வங்கி, வரி எண், குடியிருப்பு அனுமதி எல்லாம் இதன் தலையில்தான் நிற்கின்றன. நேரம் கிடைப்பது கடினம், ஆகவே விமானம் ஏறும் முன்பே இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிச் சான்று வேண்டும். 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்' என்று பெயர். சொல்ல வராவிட்டாலும் எழுதிவைத்துக்கொண்டு, சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அன்று மாலையே செய்ய வேண்டிய சின்ன வேலை: தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவது. இங்கே கதவு எண்ணைப் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஒரு தம்பிக்கு ஐந்து வாரமாக எதுவுமே வரவில்லை. வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண் எல்லாம் தனித்தனிக் கடிதம். அவன் தினமும் வங்கிக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தேன். பெட்டியில் முன்பு குடியிருந்தவரின் பெயர்; அதற்குக் கீழே இவன் பென்சிலால் தன் செல்லப் பெயரை எழுதி வைத்திருந்தான். கடிதங்களிலோ அப்பா பெயரோடு இருபத்தெட்டு எழுத்து. எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருந்தன. கடிதத்தில் வரும் பெயர் எதுவோ அதையே அச்சடித்து, மழைக்கு நனையாதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். மழைக்குக் குறைவில்லாத ஊர் இது.

வரி எண்ணும் தபாலில்தான் வரும். பகுதிநேர வேலையில் சேரும்போது அது கையில் இல்லாவிட்டால் அதிக வரி பிடித்துக்கொள்வார்கள்.

கொஞ்ச நாளில் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடாதீர்கள், வீட்டில் டி.வி. இல்லை என்பதும் பதில் ஆகாது. பகிர்வு வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். ஏற்கெனவே கட்டுபவரின் எண்ணைக் கேட்டு எழுதி அனுப்பிவிடுங்கள்.

8. குடியிருப்பு அனுமதி

முகவரியைப் பதிவது நகராட்சி. வெளிநாட்டவர் அலுவலகமோ ஸ்டேட்டரெகியோன் ஆகன் என்ற வட்டார நிர்வாகத்தின் கீழ். ஓர் அலுவலகத்தில் சொன்னதால் மற்றதற்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

விசா முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், நேர்காணல் பிறகு நடந்தாலும் சரி. காலத்தில் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படும், அதற்கு ஒரு தற்காலிகச் சான்றும் கொடுப்பார்கள். அந்தச் சான்றை வைத்து ஊருக்குப் போய்வரலாமா என்பது அதில் எந்தக் கட்டத்தில் குறி இட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டிக்கெட் போடும் முன் அந்தக் கட்டத்தைப் படித்துப் பாருங்கள்.

9. வகுப்பு ஒரு பதிவு, தேர்வு இன்னொரு பதிவு

நேரம் 10.30 என்றால் உள்ளே நுழையும் முன் அது சரியாக 10.30தானா, கால் மணி கழித்தா என்று பாருங்கள். 'சி.டி.' என்று பக்கத்தில் இருந்தால் கால் மணி தாமதமாகத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றால் சொன்ன நேரம்.

ஆர்.டபிள்யூ.டி.ஹெச். ஆன்லைன் தளத்தில் பாடத்துக்குப் பதிந்துவிட்டால் தேர்வுக்கும் பதிந்த மாதிரி என்று நினைக்கிறார்கள். இல்லை. தேர்வுக்குத் தனிப் பதிவு, தனிக் கடைசி நாள். செமஸ்டர் முழுக்க முதல் வரிசையில் உட்கார்ந்து படித்த பெண் ஒருத்தி, தேர்வு அறை வாசலில் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்தாள். அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் அந்தப் படிப்பே கையை விட்டுப் போய்விடும். அதனால் தயாராகாத தேர்விலிருந்து உரிய காலத்தில் பெயரை நீக்கிக்கொள்வது வெட்கப்படும் விஷயமல்ல. இங்கே எல்லாரும் செய்வதுதான். முதல் செமஸ்டரிலேயே 30 கிரெடிட்டும் எடுத்து வீரம் காட்ட வேண்டாம். 20 எடுத்து நிம்மதியாக முடித்தவர்கள் பின்னால் வேகம் பிடித்துவிடுகிறார்கள்.

மதிப்பெண் இங்கே தலைகீழ்: 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சியின் விளிம்பு. முடிவு வந்ததும் விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் வைப்பார்கள். நம்மவர்கள் 'ஆசிரியர் தப்பாக நினைப்பாரோ' என்று போவதே இல்லை. போங்கள். கூட்டலில் விட்டுப்போன அரை மதிப்பெண் அங்கேதான் கிடைக்கும்.

10. ஹிவி வேலை தேடுவது

பல்கலையின் இன்ஸ்டிட்யூட்டுகளில் மாணவர் உதவியாளராக வேலை பார்ப்பதை ஹிவி என்பார்கள். நம்மைப் போன்ற ஐரோப்பியர் அல்லாத மாணவர்களுக்கு வெளியில் வேலை ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்புக்குள். பல்கலையின் ஹிவி வேலை அந்தக் கணக்கில் வராது.

எல்லா வேலையும் ஒரே இடத்தில் அறிவிக்கப்படுவதில்லை. ஒவ்வோர் இன்ஸ்டிட்யூட்டும் தன் பக்கத்தில் தனியாகப் போடும், சில நேரம் அறிவிப்பு காகிதமாகச் சுவரில்தான் ஒட்டியிருக்கும். பேராசிரியருக்கு எழுதுவதைவிட, அந்த ஆய்வைச் செய்யும் முனைவர் பட்ட மாணவருக்கு எழுதுவது பலன் தரும். ஆள் தேவைப்படுவது அவருக்குத்தான். அவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உங்களால் எதைச் செய்ய முடியும் என்று மூன்று வரி எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். அவர்கள் மதியம் ஒரே மென்சாவில், அதாவது பல்கலை உணவகத்தில், உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

11. ஜனவரி முடியும்போது

இரண்டு வேலை ஒன்றாக வந்து நிற்கும். ஊருக்கு டிக்கெட் போடத் தோன்றும். தேர்வுகள் பிப்ரவரியில் ஆரம்பித்து மார்ச் வரை சிதறிக் கிடக்கும். தேதிகள் உறுதியாகும்வரை டிக்கெட்டைத் தொடாதீர்கள்.

மற்றது அடுத்த செமஸ்டருக்கான பங்களிப்புத் தொகை. யாரும் வந்து கேட்க மாட்டார்கள், நீங்களாகவே குறித்த தேதிக்குள் கட்ட வேண்டும். குறிப்புக் கட்டத்தில் ஆர்.டபிள்யூ.டி.ஹெச். ஆன்லைனில் காட்டும் எழுத்தும் எண்ணும் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். 'செமஸ்டர் ஃபீஸ்' என்று எழுதி அனுப்பினால் பணம் போய்ச் சேரும், யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். கட்டி ஒரு வாரம் கழித்துத் தளத்தில் நுழைந்து, அடுத்த செமஸ்டர் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பயணச் சீட்டு புதுப்பிக்கப்படுவதும் அதை வைத்துத்தான்.